பந்தல் மொச்சை: காயவிட்டுப் பயறாக எடுக்க (உப்புத் தண்ணி ஊருக்கு)

கீழக்கரை கொல்லை
வீட்டுக்குப் பின்னால் 2 சென்ட் இடம் இருக்கு. மணல் பாங்கு, கடல் ஒரு கிலோமீட்டருக்குள். போர் தண்ணி டிடிஎஸ் மீட்டரில் 1900 காட்டுது. மழைத்தண்ணிக்கு 2000 லிட்டர் சின்டெக்ஸ் ஒன்று வைத்திருக்கோம். பச்சையாகச் சமைக்க இல்லை, காயவிட்டு வருஷத்துக்கும் வைத்துக்கொள்ளும்படி பயறு வேணும். ஆன்லைன் விதைக்கடையில் கொடி பீன்ஸ், ராஜ்மா, பட்டர் பீன்ஸ் எல்லாம் போட்டிருக்காங்க. இங்கே எது வரும்? எந்த மாசம் போடணும்? ஆனி, ஆடியில் அடிக்கிற காற்றைப் பார்த்தால் கம்பே நிற்காது போலிருக்கு.

கரம்பை (சாயல்குடி)
பீன்ஸ், ராஜ்மா இரண்டையும் மறந்துடுங்க காக்கா. இரண்டும் ஒரே இனம்தான், இரண்டுக்கும் இங்கே இரண்டு எதிரி.

ஒன்று வெயில். பகல் சூடு 32 டிகிரியைத் தாண்டினால் அதன் மகரந்தம் கெட்டுப்போகும். பூ பூக்கும், உதிரும், காய் நிற்காது. பட்டர் பீன்ஸ் கொடைக்கானல் மலைச் சரக்கு, அதை இங்கே கொண்டு வந்து பாடுபட வேண்டாம்.

இன்னொன்று உப்பு. உங்க 1900-ஐ 640-ஆல் வகுத்தால் மின்கடத்துத்திறன் (உப்பின் அளவைக் காட்டும் கணக்கு, dS/m) ஏறக்குறைய 3 வரும். அந்தத் தண்ணியையே தொடர்ந்து ஊற்றினால் வேர் மண்டலத்தில் அதுபோல் ஒன்றரை மடங்கு, அதாவது 4.5 வாக்கில் நிற்கும். பீன்ஸ் 1-க்கு மேல் போனதுமே விளைச்சலை விட ஆரம்பிக்கும், அதற்கு மேல் ஒவ்வொரு அலகுக்கும் 19 சதவீதம். கணக்குப் போட்டுப் பாருங்க, மூணில் இரண்டு பங்கு காணாமல் போயிடும். தட்டைப்பயறு 4.9 வரைக்கும் தாங்கும். மொச்சை தட்டை அளவுக்குத் தாங்காது, ஆனால் பீன்ஸ் மாதிரி சுருண்டுவிடாது. மழைத்தண்ணியில் முளைத்து வேர் பிடித்துவிட்டால் பிறகு ஓரளவு உப்பை ஏற்றுக்கொள்ளும்.

ஆகவே கொடி மொச்சை பந்தலுக்கு, கொடித்தட்டை வேலி ஓரத்துக்கு.

உச்சிப்புளி மாடி
எவ்வளவு கிடைக்கும் என்பதையும் சொல்லிடுங்க அண்ணே. நிறைய பேர் நாலு கொடி போட்டுவிட்டு வருஷச் சாப்பாட்டை எதிர்பார்க்கிறாங்க.

கரம்பை (சாயல்குடி)
காய்ந்த பயறாக, பந்தல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 100 கிராம் என்று வைத்துக் கணக்குப் போடுங்க. நல்ல வருஷம் கூடும், மழை பொய்த்தால் பாதியாகும். 5 கிலோ வேணும்னா 50 சதுர மீட்டர் பந்தல், சுமார் ஒன்றேகால் சென்ட். அதுக்கும் கீழே இடம் இருந்தால் பச்சை மொச்சையாகவே உரித்துச் சமைத்துச் சாப்பிடுவது புத்திசாலித்தனம்.

தொண்டி செல்வி
மாசத்தைப் பற்றி யாரும் சொல்லலையே. ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். மொச்சை, அவரை எல்லாம் ஆடியில் ஊன்றினால்தான் கொடி படர்ந்து தையில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். புரட்டாசியில் போட்டால் கொடி முழங்கால் உயரத்திலேயே பூத்துவிடும்.

கரம்பை (சாயல்குடி)
செல்வி அக்கா சொல்வது தென்மேற்குப் பருவமழை எட்டுகிற ஊருக்குச் சரி. நம்ம மாவட்டத்தில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் பெய்து முடியுது. ஆடியில் இங்கே கச்சான் காற்றும் போர் தண்ணியும்தான். முளைத்த முதல் 3 வாரம்தான் உப்புக்கு மொச்சை ரொம்பப் பயப்படும் பருவம், அந்த நேரத்தில் 1900 டிடிஎஸ் தண்ணியைக் கொடுத்தால் இலை ஓரம் கருகி, செடி குத்துச்செடியாகவே நின்றுபோகும்.

அதைவிட முக்கியம், நாம் கேட்பது காய்ந்த பயறு. ஆடியில் போட்ட கொடி ஐப்பசி கடைசியில் பூக்கும், கார்த்திகை அடைமழையில் பூ உதிரும். தப்பித்த காய் மார்கழியில் முற்றும்போது ஈரத்தில் பூசணம் பிடிக்கும், சில நேரம் காய்க்குள்ளேயே பயறு முளைத்துவிடும். பச்சைக்காய்க்கு இது பிரச்சினை இல்லை. பயறுக்குப் பெரிய இடி.

தொண்டி செல்வி
கொடி சின்னதாகப் பூப்பது பற்றிப் பதில் வரலையே தம்பி.

கரம்பை (சாயல்குடி)
அக்கா கேட்டது சரியான கேள்வி. நாட்டு மொச்சை பகல் சுருங்கினால்தான் பூக்கும். ராமநாதபுரத்தில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூட, அந்த மாற்றமே அதுக்குப் போதும். அதனால் ஊன்றும் நாளை எவ்வளவு தள்ளினாலும் பூ அந்த அளவுக்குத் தள்ளிப்போகாது. பிந்தி ஊன்றினால் கொடிக்கு வளர நாள் குறையும்.

அதுக்கு நான் சொல்வது இடைவழி. ஆவணி கடைசியில், அதாவது செப்டம்பர் நடுவில், காகிதக் கப்பில் மழைத்தண்ணி விட்டு நாற்று எழுப்பிடணும். மூணு நாலு இலை வந்ததும், புரட்டாசி மழை ஒன்று விழுந்த பிறகு கப்பின் அடியைக் கிழித்து மண்ணோடு குழிக்குள் இறக்கணும். வேரை உதறி நட்டால் மொச்சை பிழைக்காது, மண் கட்டி உடையவே கூடாது. கொடி சிறிசாகும் குறையை நெருக்கி நட்டு ஈடுகட்டலாம். பந்தல் அவரைக்குப் புத்தகத்தில் 2 மீட்டருக்கு 3 மீட்டர் என்றிருக்கும். பிந்திப் போடுவதற்கு 1 மீட்டருக்கு 1 மீட்டர் போதும், குழிக்கு 2 கொடி.

இப்படிப் போட்டால் மார்கழியில் பூ, தை நடுவிலிருந்து காய் முற்றல், மாசி வெயிலில் உலர்த்தல். மழை, வெயில் இரண்டும் நமக்குச் சாதகமாக விழும் கணக்கு இது ஒன்றுதான்.

தொண்டி செல்வி
நெருக்கி நடுவது சரிதான். ஆனால் நல்ல தண்ணி உள்ளவங்க, ஊருணிப் பக்கத்து வீட்டுக்காரங்க ஆடியிலேயே ரெண்டு கொடி போட்டு பச்சைக்காய் பறிக்கட்டும். பயறுக்கு மட்டும் உங்க கணக்கு.

இன்னொன்று: வாசல் லைட்டு விடிய விடிய எரியும் இடத்தில் பந்தல் போடாதீங்க. பகல் சுருங்கப் பூக்கிற பயிருக்கு ராத்திரி வெளிச்சம் பட்டால் பூ தள்ளிப்போகும். தெருவிளக்கை ஒட்டிய மூலையில் கொடி இலையாகவே அடர்ந்து நின்றால் உரத்தைக் குறை சொல்வதற்கு முன் மேலே அண்ணாந்து பாருங்க.

கீழக்கரை கொல்லை
ரொம்பத் தெளிவு. குழி எப்படி எடுக்கணும்? வெறும் மணல், தண்ணி ஊற்றினால் நிற்பதே இல்லை.

கரம்பை (சாயல்குடி)
ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம். எடுத்த மணலில் பாதியைத் தள்ளிவிட்டு, அந்த இடத்துக்குக் கண்மாய்க் கரம்பை (கண்மாயில் படிந்த வண்டல் மண்) 2 சட்டி, மக்கிய தொழுவுரம் 10 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 200 கிராம் போட்டுக் கலந்து குழியை நிரப்புங்க. கரம்பைதான் மணலுக்குப் பிடிமானம். உப்பளம் பக்கத்துக் கண்மாய்க் கரம்பையாக இருந்தால் ஒரு பிடியை மழைத்தண்ணியில் கரைத்து, தெளிந்த பிறகு டிடிஎஸ் பார்த்துவிட்டு வாங்குங்க.

தேங்காய் நார்க்கழிவு சேர்க்கிறவங்க அதை நல்ல தண்ணியில் ரெண்டு மூணு தடவை அலசிப் பிழிந்துவிட்டுச் சேர்க்கணும். உவர்த் தண்ணியில் ஊறிய மட்டையிலிருந்து வந்த நாராக இருந்தால் அதிலேயே உப்பு இருக்கும். கரை ஒதுங்கும் கடல்பாசிக்கும் அதே விதி. அலசாமல் குழியில் போட்டால் நீங்களே உப்பைச் சுமந்து வந்து புதைத்த கதை.

பார் அணைத்துப் போடுகிறவங்க உச்சியில் ஊன்றாதீங்க. ஈரம் ஆவியாகிற வழியில் உப்பு உச்சியில்தான் போய்ப் படியும், அங்கே வெள்ளை பூத்திருப்பது கண்ணுக்கே தெரியும். பாரின் சரிவில், பாதி உயரத்தில் ஊன்றணும்.

உச்சிப்புளி மாடி
விதை நேர்த்தி: ஒரு கைப்பிடி விதைக்கு ரைசோபியம் (வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்க்கும் நுண்ணுயிர்) ஒரு டீஸ்பூன், ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்துப் புரட்டி நிழலில் அரை மணி உலர்த்தினால் போதும். தட்டைப்பயறுக்கு உள்ள ரைசோபியமே மொச்சைக்கும் சேரும். கடலோர உவர் ஆராய்ச்சி மையம் ராமநாதபுரத்திலேயே இருக்கு, உயிர் உரம் பற்றி அங்கே கேட்டுப் பார்க்கலாம். டிரைக்கோடெர்மாவும் (வேர் நோயைத் தடுக்கும் நல்ல பூஞ்சாணம்) போடுவதானால் அதை முதலில், கிலோ விதைக்கு 4 கிராம். ரைசோபியம் கடைசியில். பூஞ்சாணக்கொல்லி மருந்து பூசிய கடை விதை என்றால் ரைசோபியம் செத்துப்போகும், அந்த விதையில் பூசாமல் குழி மண்ணில் தொழுவுரத்தோடு கலந்து போடுங்க.

யூரியா வேண்டாம். தழைச்சத்து ஏறினால் கொடி பந்தலை மூடும், காய் இருக்காது.

வலைக்காரர் (பெரியபட்டினம்)
பந்தலுக்கு யாரும் காசு செலவழிக்காதீங்க. கடற்கரையில் கழித்துப்போட்ட வலை கிடக்கும். ஆனால் எந்த வலை என்பதில் கவனம்.

மெல்லிசு நரம்பு வலை, கண்ணாடி மாதிரி இருக்குமே, அது வேண்டவே வேண்டாம். காற்றில் கொடி ஆடும்போது தண்டை அறுக்கும். ஓணான், சாரைப்பாம்பு, குருவி சிக்கிச் சாகும். இறால் வலை கண்ணி ரொம்பச் சின்னது, காய் உள்ளே போய் மாட்டிக்கிட்டு பறிக்கும்போது கொத்தே பிய்ந்து வரும். தடித்த முறுக்கு நூல் உள்ள இழுவலையின் வாய்ப்பக்கத்துத் துண்டாகப் பாருங்க, கண்ணிக்குள் கை நுழையணும். அதை மழையில் ரெண்டு நாள் போட்டுவிட்டால் உப்பு போயிடும்.

கம்பு சவுக்கு, 3 அங்குல கனம், 8 அடி நீளம். மணலில் 2 அடி இறக்கணும், ஒன்றரை அடி பத்தாது. அடியில் ஓட்டாஞ்சில்லும் கரம்பையும் போட்டு இடித்து இறுக்குங்க. மூலைக் கம்பு நாலையும் வெளிப்பக்கம் சாய்த்து நட்டு, ஒவ்வொன்றுக்கும் முளைக்குச்சி அடித்து இழுகயிறு கட்டணும். உயரம் 6 அடிக்கு மேல் போனால் வாடைக்காற்றில் பந்தல் பாய்மரம் ஆகிடும். புயல் சின்னம் என்று தகவல் வந்தால் வலையின் ஒரு பக்கக் கட்டை அவிழ்த்துத் தாழ விட்டுடுங்க. கொடி கொஞ்சம் கசங்கும், கம்போடு பிடுங்கிக்கொண்டு போகாது.

கடல் பக்கம் தென்னங்கீற்றுத் தட்டி ஒன்று, கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னியது. காற்றை முழுசாக அடைத்தால் அது தட்டிக்கு மேலே ஏறி இந்தப் பக்கம் சுழன்று அடிக்கும்.

கீழக்கரை கொல்லை
தனித்தனிக் கம்பில் ஏற்றினால் ஆகாதா? படத்திலெல்லாம் கூம்பு மாதிரி மூணு கம்பு கட்டி அழகா இருக்கே.

வலைக்காரர் (பெரியபட்டினம்)
கொடித்தட்டைக்கு ஆகும். மொச்சை கனம் காக்கா, மழையில் நனைந்தால் இன்னும் கனம். மணலில் நட்ட மூணு கம்பு ஐப்பசியைத் தாண்டாது.

கரம்பை (சாயல்குடி)
கொடி வலையைத் தொடும் வரை பக்கக் கிளையைக் கிள்ளுங்க, ஒரே தண்டாக ஏறட்டும். வலையை எட்டியதும் நுனியைக் கிள்ளினால் நாலு பக்கமும் பிரியும். பூ எடுக்கும்போது டிஏபி 2 சதவீதம்: லிட்டருக்கு 20 கிராம் ராத்திரி ஊறப்போட்டு, காலையில் தெளிவை மட்டும் இறுத்து, சாயங்காலம் இலையில் தெளிக்கணும். 15 நாள் விட்டு இன்னொரு தடவை. வேளாண் பல்கலைக்கழகத்தின் பயறு ஒண்டர் (பயறுக்கான ஊட்டச்சத்துக் கலவை) கிடைத்தால் டிஏபிக்குப் பதில் அதையே லிட்டருக்கு 10 கிராம் தெளிக்கலாம். எதைக் கரைத்தாலும் மழைத்தண்ணியில். போர் தண்ணியை இலையில் அடித்தால் காய்ந்த இடத்தில் உப்பு நின்று ஓரம் கருகும். குளித்த தண்ணியை வாளியோடு கொடி மேல் வீசுகிற பழக்கத்துக்கும் இதையே சொல்றேன்.

துளிர் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறை. சிப்பித்தூள் கலந்த மணலில் இது வரும். அன்னபேதி (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டு, வாரம் ஒரு தடவையாக இரண்டு மூணு தடவை தெளிக்கலாம். அந்த மண்ணுக்கு யாராவது ஜிப்சம் போடச் சொன்னால் முதலில் மண்ணின் கார அமில நிலையை (pH) பாருங்க. 8.5-க்கு மேல் போன களர் மண்ணுக்குத்தான் ஜிப்சம். வெறும் உப்புக்கு மருந்து நல்ல தண்ணியில் கழுவி இறக்குவது மட்டும்தான்.

மழை நின்ற பிறகு போர் தண்ணி ஊற்றும்போதும் தினம் கொஞ்சமாகத் தெளிக்காதீங்க. குழி நிறைய ஒரே தடவை ஊற்றினால் உப்பு வேருக்குக் கீழே இறங்கும், தெளித்தால் மேலேயே சேரும்.

தொண்டி செல்வி
பூச்சி: பூங்கொத்தில் கறுப்பு அசுவினி அப்பும், எறும்பு ஏறுவதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆரம்பத்தில் நல்ல தண்ணியைப் பீய்ச்சி அடித்தாலே போகும். மிஞ்சினால் வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, காதி சோப்புக் கரைசலோடு.

மொச்சையைக் கெடுப்பது காய்த்துளைப்பான்தான். இரண்டு மூணு பூ ஒன்றாக நூலால் ஒட்டியது மாதிரி இருக்கும், பிரித்தால் உள்ளே புழுவும் எச்சமும் இருக்கும். அந்தக் கொத்தைக் கிள்ளி சோப்புத் தண்ணியில் போடுங்க. பூ வரும் பருவத்தில் வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதவீதம்: இடித்த பருப்பு 50 கிராமைத் துணியில் கட்டி லிட்டர் தண்ணியில் ஒரு ராத்திரி ஊறவிட்டுப் பிழிந்து, 10 நாளைக்கு ஒரு தடவை. காய்க்குள் போன புழுவுக்கு வெளியே எதை அடித்தும் பயனில்லை. மஞ்சள் தேமல் வந்த செடியைப் பிடுங்கிப் போட்டுவிடுங்க, வைத்தியம் கிடையாது.

உச்சிப்புளி மாடி
இனிமேல்தான் காயவிடும் பயிருக்கே உரிய விஷயம். வண்டு டப்பாவில் வந்து சேர்வதில்லை, தோட்டத்திலேயே ஏறிக்கொள்கிறது. பயறு வண்டு முற்றும் காயின் மேலேயே முட்டையை ஒட்டிவிடும். புழு தோலைத் துளைத்துப் பயறுக்குள் போகும். நம்ம சூட்டில் 25, 30 நாளில் வட்ட ஓட்டை போட்டு வண்டாக வெளியே வரும், வந்ததும் பக்கத்துப் பயறில் முட்டை. அதனால்தான் சுத்தமாக எடுத்து வைத்த மொச்சை ஒரு மாசத்தில் மாவாகிறது. பயறு மேல் வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது முட்டை, தூசி இல்லை.

ஆகவே காய் கொடியில் முழுக்கச் சருகாகும் வரை காத்திருக்க வேண்டாம். மஞ்சள் ஓடி, தோல் காகிதமாகச் சுருங்கத் தொடங்கியதுமே வாரம் ஒரு தடவை பறித்துவிடுங்க. முதல் காய் மஞ்சளாகும்போது தண்ணியை நிறுத்தலாம். பனி விலகி வெயில் ஏறிய பிறகு பறிக்கணும்.

வலைக்காரர் (பெரியபட்டினம்)
கருவாடு காயவைக்கிற மணலில் பயறைக் கொட்டுகிறவங்க இருக்காங்க. உப்பு ஒட்டினால் அந்தப் பயறு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கிட்டே இருக்கும். மாடியில் தார்ப்பாய், அதன் மேல் வேட்டி.

உச்சிப்புளி மாடி
ஆமாம். காயோடு 3 நாள் வெயில், பிறகு சாக்கில் போட்டுக் கட்டையால் தட்டி, புடைத்து, பயறாக இன்னும் 4, 5 நாள். ஒரு பயறு கனத்துக்கு மேல் பரப்பக் கூடாது. சாயங்காலம் 4 மணிக்கே உள்ளே எடுத்துடுங்க. கடல் காற்று ஈரம் ஏறிய பிறகு வெளியே கிடந்தால் பகலில் போனது ராத்திரி திரும்பிவிடும். சூட்டோடு டப்பாவில் அடைக்காமல் ஆறவிட்டு அடையுங்க.

காய்ந்ததா என்று பார்க்க: பல்லில் கடித்தால் தடம் விழக்கூடாது. சுத்தியால் தட்டினால் நசுங்காமல் சில்லாக உடையணும். இன்னொரு வழி, நன்றாக வறுத்து ஆறிய தூள் உப்பு ஒரு ஸ்பூன், கால் பாட்டில் பயறு, மூடிக் குலுக்கி கால் மணி வையுங்க. உப்பு பாட்டில் சுவரில் ஒட்டினால் ஈரம் இன்னும் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாவிட்டாலும் கூட இரண்டு நாள் வெயில் காட்டணும், வைப்புக்கு 10 சதவீதம் வேணும்.

பிறகு முட்டையைக் கொல்லணும். சமையலுக்கு என்றால் ஃப்ரீசரில் ஒரு வாரம். வெளியே எடுத்ததும் கவரைப் பிரிக்காதீங்க, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரிக்கணும். இல்லாவிட்டால் பயறு மேல் வியர்த்து ஈரமாகிவிடும்.

தொண்டி செல்வி
ஃப்ரீசர் இல்லாத வீட்டுக்குச் செம்மண் கட்டுதல். களி உள்ள செம்மண்ணாகச் சலித்து, கூழாகக் கரைத்து, பயறைப் போட்டுப் புரட்டி உடனே வெயிலில் பரப்பணும், 2, 3 நாள் காயணும். தேரி மணல் ஒட்டாது, களி இருந்தால்தான் பிடிக்கும். கொஞ்சமாக வைத்துக்கொள்கிறவங்க கிலோவுக்கு 5 மில்லி விளக்கெண்ணெய் தடவினால் போதும், முட்டைக்கு மூச்சு அடைத்துவிடும். பாட்டிலைக் கழுத்து வரை நிரப்பி இறுக மூடணும், பாதி பாட்டில் வைத்தால் உள்ளே காற்று நின்று வண்டு வாழும்.

ரசகற்பூர உருண்டை போடாதீங்க. கடையில் தரும் செல்பாஸ் மாத்திரை வீட்டுக்குள் வரவே கூடாது, அதன் புகை ஆளைக் கொல்லும்.

கீழக்கரை கொல்லை
கடைசியாக ஒன்று. கடையில் வாங்கும் மொச்சையே இங்கே குக்கரில் எட்டு விசிலுக்கும் வேகமாட்டேங்குது. நாமே விளைவித்தாலும் அப்படித்தான் இருக்குமா?

தொண்டி செல்வி
பயறு பழசாக இருந்தாலும் வேகாது, தண்ணி கடினமாக இருந்தாலும் வேகாது. போர் தண்ணியில் உள்ள சுண்ணாம்பு பயறுத் தோலை இறுக்கிடும். ஊறவைப்பதும் வேகவைப்பதும் மழைத்தண்ணியில் அல்லது ஆர்ஓ தண்ணியில் செய்யுங்க. ராத்திரி முழுக்க ஊறட்டும். ஊறிய தண்ணியைக் கொட்டிடணும், முதல் கொதி தண்ணியையும் வடித்துவிடுவது நல்லது. காய்ந்த மொச்சையில், அதிலும் கறுப்பு, சிவப்புத் தோல் உள்ளதில், நச்சுப் பொருள் கொஞ்சம் இருக்கும், அது தண்ணியோடு போயிடும். பச்சையாக மெல்லக் கூடாது, வெறும் முளைகட்டியும் சாப்பிடக் கூடாது.

புளி முதலில் விடாதீங்க. மொச்சை நசுங்கும் பதம் வந்த பிறகு புளி, அதுக்கு அப்புறம்தான் கருவாடு.

கரம்பை (சாயல்குடி)
விதைக்கு எடுப்பதைச் சமையல் பயறோடு கலக்காதீங்க. நடுக்கொடியின் முதல் கொத்துகளில் நல்லதாக ஐந்தாறைத் துணி கட்டி அடையாளம் வைத்துக் கடைசி வரை கொடியிலேயே விடுங்க. வண்டுத் தேனீ ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும் என்பதால் பக்கத்தில் வேறு நிற மொச்சை, அவரை இருந்தால் ஒரு சில விதை கலப்பாகும், பூ விரியும் முன்பே அந்தக் கொத்தை மெல்லிய வலைப்பையில் கட்டிவிட்டால் கலக்காது. விதைக்குச் செம்மண் கட்டுவதே போதும். ஃப்ரீசரில் வைப்பதானால் நொறுங்கும் அளவுக்குக் காய்ந்திருக்கணும், ஈரத்தோடு உறைந்தால் முளைப்பு போயிடும். ஆவணியில் பத்து விதையை ஈரத்துணியில் மடித்துப் பாருங்க, எட்டு முளைத்தால் குழிக்கு மூணு வீதம் கப்பில் ஊன்றி இரண்டை விடலாம். ஐந்துக்குக் கீழே போனால் வேறு விதை தேடுங்க.

கீழக்கரை கொல்லை
சரி அண்ணே. இந்த வாரம் கரம்பைக்கு ஆள் சொல்லிட்டேன், வரும்போது டிடிஎஸ் பார்த்து இங்கேயே போடுறேன்.